கரிசல் மண்ணில் பல் தேய்ந்த வண்டுகள்

கோவில்பட்டியில் இறங்கியதும் முதலில் பசித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்து பரோட்டா கேட்டேன். பரிமாறுகிறவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரோட்டா சாயங்காலந்தான். இப்ப இட்லி, பொங்கல், பூரி இருக்கு. நீங்க எந்தூரு?"

கோலாலம்பூர் என்றேன்.

"அங்கன காலையிலயே பரோட்டாவா திம்பாவ?"

ஆமாம், அதற்கு ரொட்டி சானாய் என்று பெயர், எங்களுக்கு விடிந்தால் அதுதான் என்றேன். அவர் இந்தச் செய்தியைக் கல்லாவில் இருந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கல்லாக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அங்கிருந்தபடியே, "செரிக்குமா?" என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

இட்லிக்கு ஊற்றிய சாம்பாரில் எங்கள் ஊரின் இனிப்பு இல்லை. மிளகாய் வாடை மூக்கில் ஏறியது. நான் மடியில் வைத்திருந்த தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பைக்குள் ஒரு டிபன் டப்பா இருந்தது. டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்த ஒரு வண்டின் அச்சு. சிலாங்கூரில் எப்போதோ மூடிவிட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்தில், தகடு தகடாகப் பிரியும் பாறையில் கிடைத்த புதைபடிவம் அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஏரிச் சேற்றில் விழுந்து கல்லாகிப்போன சாணி வண்டு. அசல் கல்லை நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகம் வெளியே அனுப்பாது. அதனால் பிசினில் அச்சு எடுத்துக் கொண்டுவந்தேன்.

நான் தேடி வந்த முத்துலட்சுமி, கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். சாணி வண்டுகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துவிட்டு நான்தான் முதலில் மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு ஆண்டுக்கணக்கில் திரையில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறோம், நேரில் சந்தித்ததில்லை. என்னுடைய கல் வண்டை அவரிடமிருந்த உயிருள்ள வண்டுகளின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் சேராது, புதிய பேரினம் என்று இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினோம்.

நாங்கள் காட்டிய முக்கியமான அடையாளம் முன்காலில் இருந்தது. சாணி வண்டு முன்காலால்தான் மண்ணைத் தோண்டும். அதன் வெளிவிளிம்பில் ரம்பம் மாதிரிப் பற்கள் இருக்கும். சொந்தக்கார வண்டுகளுக்கெல்லாம் நான்கு பற்கள். எங்கள் வண்டுக்கு நுனியில் கூராக இரண்டு, அதற்குப் பின்னால் வழவழப்பான விளிம்பு. அவ்வளவுதான்.

ஆய்வுப் பத்திரிகைக்காகக் கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். இது கிழட்டு வண்டாக இருந்தால்? வாழ்நாளெல்லாம் கெட்டி மண்ணைத் தோண்டிப் பின்பற்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தால்? கெட்டி மண்ணில் வாழும் வண்டுகளை இளசிலிருந்து முதிர்ந்தது வரை வரிசையாக வைத்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றிருந்தார். நியாயமான கேள்வி. அப்படியொரு வரிசை முத்துலட்சுமியிடம் இருந்தது. அவரும் அவர் கணவர் தர்மரும் கரிசல் காட்டில், அதாவது தங்கள் மானாவாரி நிலத்தில், பல மழைக்காலங்களாகச் சேர்த்தது.

ஆனால் ஆடி மாதத்திலிருந்து முத்துலட்சுமியிடமிருந்து பதிலே வரவில்லை. கட்டுரையில் என் பெயர் முதலில் இருப்பதில் வருத்தமோ என்றுகூட நினைத்தேன். கடைசியில் கல்லூரிக்குப் போன் செய்தபோது அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: "டீச்சரோட வீட்டுக்காரர் தவறிட்டாவ மேடம். நெஞ்சுவலி. டீச்சர் லீவுல இருக்காவ."

அதனால்தான் புறப்பட்டேன். துக்கம் விசாரிக்கப் போகிறேனா, வண்டு கேட்கப் போகிறேனா என்று விமானத்தில் என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டுக்கும்தான். பத்திரிகை கொடுத்த கெடு அந்த மாதத்தோடு முடிந்தது.

ஆட்டோக்காரரிடம் முகவரியைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. "டீச்சர் வீடுதான? தர்மர் அண்ணாச்சி வீடு" என்று வண்டியைத் திருப்பினார். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் பின்பக்கத் தெருவில் வீடு. தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

கதவைத் திறந்தவர் தர்மரின் தங்கை. என்னையும் என் பயணப் பெட்டியையும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "மதினி, துட்டி கேக்க வந்திருக்காவ" என்று நான் துக்கம் விசாரிக்க வந்திருப்பதைச் சொன்னார். முத்துலட்சுமி வெளியே வந்தார். திரையில் முகத்தை மட்டும் பார்த்திருந்ததால் அவர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தீங்களே அக்கா."

மின்னஞ்சலில் எப்போதும் மேடம் என்றுதான் எழுதுவார்.

கருப்பட்டிக் காபி வந்தது. முத்துலட்சுமி நடந்ததைச் சொன்னார். "காட்டுல இருந்து வந்தாவ. கால் கழுவிட்டு உக்காந்து மோர் கேட்டாவ. நான் எடுத்துட்டு வாரதுக்குள்ள ஒண்ணும் இல்ல." பலருக்கும் சொல்லிச் சொல்லிச் சுருங்கிப்போன வாக்கியங்கள். அவரே கேட்டார்.

"அந்தப் பேப்பர் என்ன ஆச்சு?"

"அது கெடக்கட்டும்" என்றேன்.

"சொல்லுங்க. அதுக்குந்தான வந்திருக்கீங்க."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. பரிசீலித்தவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். முத்துலட்சுமி அறை மூலையில் இருந்த பீரோவைப் பார்த்தார். பிறகு காபி டம்ளரைப் பார்த்தார்.

எழுந்தபோது பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். தர்மரின் தங்கை திடுக்கிட்டுத் திரும்பினார். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, சொல்லாமல் எழுந்து போக வேண்டும். எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான், எனக்குத் தெரியாததல்ல. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். முத்துலட்சுமி அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

"வாங்க அக்கா. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனபோது பீரோவிலிருந்த மரப்பெட்டிகள் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தன. எதையும் திறக்கவில்லை.

"நாலு மாசமா பீரோவத் தொறக்கல. பாச்சை உருண்டை வைக்கணும். அவியதான் வைப்பாவ. எனக்கு ஞாபகமே வரல."

பூச்சிச் சேகரிப்பு வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பயம் தெரியும். உருண்டை கரைந்துபோனால் சின்னப் புழுக்கள் உள்ளே புகுந்து, குத்தி வைத்த பூச்சிகளை உள்ளிருந்தே தின்றுவிடும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். முதல் பெட்டியின் மூடியை அவர் எடுத்தார்.

அடியில் பழுப்பு நிறப் பொடி படிந்திருந்தது. ஊசிகள் நின்றன, சீட்டுகளும் இருந்தன. ஊசிகளில் பாதி வண்டு, கால் வண்டு, சிலவற்றில் வெறும் முதுகு ஓடு. அடுத்த பெட்டியும் அப்படித்தான். எங்களுக்கு வேண்டிய வரிசை கடைசிப் பெட்டியில் இருந்தது. அதில் வண்டுகள் அதிகம் கெடவில்லை, ஆனால் மூட்டுகளைப் புழு தின்றதால் கால்கள் எல்லாம் கழன்று கீழே விழுந்து ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. எந்தக் கால் இளைய வண்டுக்கு உரியது, எது முதிர்ந்ததற்கு உரியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

முத்துலட்சுமி ஒரு சின்ன பிரஷ்ஷால் அந்தக் கால்களை ஒரு பக்கமாகக் கூட்டினார். பிறகு பிரஷ்ஷை வைத்துவிட்டு, "இதயும் பாக்காம விட்டுட்டேன்" என்றார். குரல் அப்போதுதான் உடைந்தது. தர்மரின் தங்கை அடுக்களையிலிருந்து வந்து அவர் தோளில் கை வைத்து நின்றார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கட்டுரை போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் மனதார நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"மழ பெஞ்சிருக்கு. பசுவந்தனையில எங்க காட்டுப் பக்கம் ஆட்டுக் கிடை போட்டிருக்காவன்னு அவிய அண்ணன், எங்க அத்தான் சொன்னாவ. புதுசாப் பிடிச்சிருவோம்."

"நீங்க வரணும்னு இல்ல" என்றேன்.

"நான் இல்லாம ஒங்களுக்கு எது என்ன வண்டுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுதான். எனக்குக் கல் வண்டுகள்தான் பழக்கம்.

பசுவந்தனைப் பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திரும்பித் திரும்பி என் மடியைப் பார்த்தார். நான் டிபன் டப்பாவை அடிக்கடி திறந்து அச்சு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முத்துலட்சுமி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். பிறகுதான் மொழிபெயர்த்தார்: "பாவம், அந்தம்மா டப்பாவில் கல்லைக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் சோறு போட ஆளில்லை போலிருக்கிறது." நான் ஒரு பெண்ணிடம் அச்சைக் காட்டி, இது வண்டு என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். "பீயுருட்டி" என்று தமிழில் சரியாகச் சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் இரக்கம் கூடியிருந்தது.

பேருந்து நின்ற இடத்துக்குத் தர்மரின் அண்ணன் சுப்பையா மொபெட்டோடு வந்திருந்தார். தம்பி மனைவியை அவர் நேராகப் பார்க்கவில்லை. "வாம்மா முத்து" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் என்னை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, அடுத்து முத்துலட்சுமியைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ஈரக் கரிசல் சக்கரத்தில் சுற்றி, மட்கார்டுக்குள் புகுந்து, இறுகி, சக்கரம் நின்றுவிட்டது. நான் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கினேன். விழுந்தேன் என்றும் சொல்லலாம். டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

சுப்பையா ஒரு குச்சியை எடுத்து மண்ணை நோண்ட ஆரம்பித்தார். மலேசியச் செம்மண் சேறு வழுக்கும், கழுவினால் போய்விடும். இந்த மண் விடுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் செருப்புக்கு அடியில் ஒரு பங்கு சேர்ந்து, நான் என் உயரத்தைவிட உயரமாக நடந்தேன். பின்னால் வந்து சேர்ந்த முத்துலட்சுமி தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னையும் எடுக்கச் சொன்னார். வெறுங்காலில் மண் குளிர்ந்திருந்தது.

காட்டில் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டுக் கிடை போட்டிருந்த இடத்தில் புழுக்கையும் ஈரமும் கலந்து நெடி அடித்தது. முத்துலட்சுமி வரப்பில் நின்றுவிட்டார். ஆடிக்குப் பிறகு அவர் இங்கே வரவில்லை என்பதைச் சுப்பையா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி நின்றோம். ஒரு மயில் எங்கோ கத்தியது. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்.

"அத்தான், ஒரு வாளி தண்ணி வேணும்."

வண்டு பிடிக்கும் முறை எளிது. புழுக்கையைக் கீழே இருக்கும் மண்ணோடு அள்ளி வாளித் தண்ணீரில் போட்டால் மண் அடங்கும், வண்டுகள் மிதந்து மேலே வரும். முதல் வாளியில் ஒன்றுமில்லை. அடுத்த வாளியில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பிறகு ஒரு வண்டு மேலே வந்து கால்களை அடித்தது, அதன்பின் இன்னொன்று. முத்துலட்சுமி உள்ளங்கையில் எடுத்துக் கழுவி, லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

"இது இந்த மழைக்கு வந்த பிள்ள. பாருங்க, நாலு பல்லும் மொளச்சாப்புல இருக்கு."

வெயில் ஏறும்வரை அள்ளினோம். சுப்பையா வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறும் உளுந்தந் துவையலும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. கை கழுவிய பின்னும் கை மணத்தது, அதோடேயே சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுப்பையா முதல்முறையாகத் தம்பியைப் பற்றிப் பேசினார்.

"அவன் வண்டு பிடிக்கேன்னு வந்து நின்னா நான் ஏசுவேன். களை எடுக்க ஆளில்ல, நீ பீயுருட்டியத் தேடுதியான்னு. சிரிப்பான். ஒரு சொல்லு திருப்பிச் சொல்ல மாட்டான்."

"வீட்டுல வந்து சொல்லுவாவ" என்றார் முத்துலட்சுமி. "எங்கண்ணன் இன்னைக்கும் நல்லா ஏசினான், ஆனா வாளியத் தூக்கிட்டு வந்தது அவன்தான்னுவாவ."

சுப்பையா சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. பிறகு எழுந்து போய் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மதியத்துக்கு மேல்தான் அந்த வண்டு கிடைத்தது. முதிர்ந்த வண்டு, முதுகின் பளபளப்பே போயிருந்தது. அதன் வலது முன்காலை லென்ஸில் பார்த்ததும் டப்பாவைத் திறந்தேன். நுனியில் இரண்டு பற்கள். பின்னால் ஒன்றுமில்லை. டப்பாவில் இருந்த அச்சின் கால் மாதிரியே இருந்தது. பரிசீலித்தவர் சொன்னபடி எங்கள் வண்டும் பல் தேய்ந்ததுதானோ? கல்லில் எங்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது ஒரு முன்கால் மட்டும்தான்.

முத்துலட்சுமியிடம் கொடுத்தேன். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இத மறைக்க முடியாதுல்லா?" என்றார்.

"முடியாது."

"அப்ப எடுத்துட்டுப் போவோம்."

மறுநாள் கல்லூரி ஆய்வகத்துக்குப் போனோம். விடுப்பில் இருந்தவர் எதிர்பாராமல் வந்ததும் ஆய்வக உதவியாளர் ஒன்றும் கேட்காமல் சன்னல்களைத் திறந்துவிட்டு, நுண்ணோக்கியின் உறையைக் கழற்றித் துடைத்து வைத்தார். நாங்கள் வண்டுகளை இளசிலிருந்து முதிர்ந்தது வரை வரிசைப்படுத்தினோம். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் தெளிந்தது. தேய்மானம் நுனியில் ஆரம்பிக்கிறது. மண்ணில் முதலில் இறங்குவது நுனிப் பல்தான், அதனால் முதலில் மழுங்குவதும் அதுதான். பின்பற்கள் கடைசிவரை ஓரளவு நிற்கின்றன. எங்கள் கல் வண்டில் இதற்கு நேர் எதிர்: நுனி கூராக இருக்கிறது, பின்னால் பல் இல்லை.

மிச்சம் இருந்தது அந்த ஒற்றை வண்டு. முத்துலட்சுமி அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பக்கத்தில் அச்சை வைத்தார். ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே மைதானத்தில் மாணவிகள் சைக்கிள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அக்கா, இங்கன வாங்க."

போய்ப் பார்த்தேன். அந்த வண்டின் விளிம்பில் பற்கள் இருந்த இடம் சொரசொரப்பாக, செதில் பெயர்ந்து இருந்தது. கல்லில் மோதியோ என்னவோ உடைந்திருக்கிறது. இடது காலில் நான்கு பற்களும் இருந்தன. அச்சில் அந்த இடத்தில் உடைசலே இல்லை. விளிம்பை ஒட்டி மெல்லிய வரம்பு ஒன்று நுனிப் பல்லிலிருந்து மூட்டு வரை அறுபடாமல் ஓடியது. அது பிறக்கும்போதே அப்படிப் பிறந்த கால்.

"புதுசுதான்" என்றார் முத்துலட்சுமி. சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த உடைந்த கால் வண்டையும் கட்டுரையில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அன்று மாலை அதே கடையில் அவரோடு உட்கார்ந்து ஒருவழியாகப் பரோட்டா சாப்பிட்டேன். நாலு நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். பேரினத்துக்கு நாங்கள் இன்னும் பெயர் முடிவு செய்யவில்லை. தர்மர் பெயரை வைக்கலாமா என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

அவர் சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்.

"வேண்டாம் அக்கா. பேரு நிக்கும்னு யாரு கண்டா? இன்னும் பத்து வருசம் கழிச்சு வேற ஒருத்தர் வேற கல்லு கொண்டாருவாரு. இது தனிப் பேரினம் இல்ல, இந்தப் பேரு செல்லாதுன்னு எழுதுவாரு. சரியாத்தான் எழுதியிருப்பாரு. நம்ம படிப்புல அது நடக்கதுதான. அன்னைக்கு அத நான் வாசிக்கணும்." பிய்த்த துண்டைத் தட்டிலேயே வைத்தார். "அவிய இல்லன்னு இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது."

பரிமாறுகிறவர் வந்து இன்னும் ஒன்று வைக்கவா என்று கேட்டார். இருவருமே வைக்கச் சொன்னோம்.

இரண்டு பற்கள் என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைப் பேரினத்துக்கு வைத்தோம். பொங்கலுக்குப் பிறகு கட்டுரை ஏற்கப்பட்டது. அதற்குள் முத்துலட்சுமி வகுப்புகளுக்குப் போக ஆரம்பித்திருந்தார். நன்றி சொல்லும் பகுதியை அவர்தான் எழுதினார். ஆங்கிலத்தில் இருந்த அதன் கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மழைக்குப் பிறகு எங்களுக்காக வண்டுகளைத் தேடித் தருகிற என் கணவர் தர்மருக்கும், அவருக்கு வாளி தூக்குகிற அண்ணன் சுப்பையாவுக்கும்."

அச்சுக்குப் போகும் முன் பத்திரிகையின் மொழித் திருத்துநர் அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். முந்தைய பத்தியில் தர்மர் காலமானதாகக் குறிப்பு இருக்கிறதே, இங்கே நிகழ்காலம் பிழையாக விழுந்துவிட்டதா?

நான் அதை முத்துலட்சுமிக்கு அனுப்பிவைத்தேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது. பிழை இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். அதை அப்படியே திருத்துநருக்கு அனுப்பினேன்.